‘ஒன்னுமில்ல, சித்தி’ என்கிற பையனிடம் பாட்டை வைத்துப் பேச முடியுமா?

கேள்வி: பாம்பன் பக்கம் இருக்கிறோம். என் அக்கா மகனுக்குப் பதினைந்து வயது. அக்கா விடிகாலையிலேயே பாசி எடுக்கப் போய்விடுவதால் அவன் பெரும்பாலும் என் வீட்டில்தான் இருப்பான். மச்சான் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். போன வருடம் இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய், இரண்டு மாதம் அங்கே சிறையில் இருந்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகுதான் பையன் மாறிப்போனான். எந்நேரமும் காதில் ஹெட்போன். என்னடா என்றால் ‘ஒன்னுமில்ல, சித்தி’. பாட்டை வைத்தே பிள்ளைகளை மனசுவிட்டுப் பேச வைக்கலாம் என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். உண்மையா? எப்படி ஆரம்பிப்பது? அவன் பாட்டுக் கேட்கும்போது குறுக்கே போகலாமா?

பதில்:

முடியும். ஆனால் பாட்டைத் தூண்டிலாகப் போடக் கூடாது. கடற்கரையில் வளர்ந்த பிள்ளை, இரைக்குள் முள் இருப்பது அவனுக்குத் தெரியாமல் இருக்காது.

நான் மருத்துவர் இல்லை. உளவியல் படித்துவிட்டு, தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கரையோரப் பள்ளிகளிலும் ஊர்களிலும் பதினான்கு வருடமாகப் பிள்ளைகளோடும் அவர்களை வளர்க்கிறவர்களோடும் உட்கார்ந்து பேசுகிற வேலை பார்க்கிறேன். பேசுகிற வேலை என்று சொல்கிறேனே தவிர, முக்கால்வாசி நேரம் எதிரே இருப்பவர் வாயைத் திறக்காமல் இருக்க, நானும் சும்மா இருக்கிற வேலை. அந்த அனுபவத்திலிருந்துதான் சொல்கிறேன்.

முதலில் அவன் ஏன் பேச மாட்டேன் என்கிறான் என்று பார்த்துவிடலாம். நம் பக்கத்தில் மனநலம் என்ற சொல்லை எடுத்தாலே கதவு சாத்திக்கொள்ளும். வேறு மாவட்டத்துக்காரர்கள் ‘உன்னை ஏர்வாடிக்குத்தான் அனுப்பணும்’ என்று கேலிக்குச் சொல்வார்கள். நமக்கு அது கேலி மட்டும் இல்லை, கீழக்கரை தாண்டினால் வந்துவிடுகிற ஊர், மனநோய் குணமாக வேண்டி ஆட்களை அழைத்து வருகிற தர்கா இருக்கிற இடம். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் போய், 28 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு எவ்வளவோ மாறிவிட்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி இன்று யாரையும் சங்கிலியில் கட்டக் கூடாது. துவாவோடு, அதாவது பிரார்த்தனையோடு, மருந்தும் சேரட்டும் என்று தர்காவுக்கு வருகிறவர்களை அரசு மனநல மருத்துவர்களும் பார்க்கிறார்கள். ஆனால் அந்தப் பழைய பயம் வீட்டுப் பேச்சில் இன்னும் அப்படியே இருக்கிறது. ‘மனசு சரியில்லையாடா?’ என்று நீங்கள் அக்கறையாகக் கேட்பது அவன் காதில் ‘பைத்தியமாடா?’ என்றுதான் விழும்.

இன்னொன்று, வயது. பதின்வயதில் உணர்ச்சிகளைக் கிளப்புகிற மூளைப் பகுதிகள் முந்திக்கொண்டு சுறுசுறுப்பாகிவிடும். அதை நிதானமாகப் பார்த்து, சொல்லாக மாற்ற உதவுகிற முன்மூளை முழுதாக முதிர இருபத்தைந்து வயது பக்கம் ஆகிவிடும். அதனால் ‘ஒன்னுமில்ல’ என்பதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே இருப்பதற்கு அவனிடம் இன்னும் பெயர் இருக்காது. இதில் அவன் தனி ஆளும் இல்லை. 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதாவது ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் நாட்டில் 2015-16-இல் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில் 13 முதல் 17 வயதுக்காரர்களில் 7.3 சதவீதம் பேருக்கு இருந்தது.

சரி, பாட்டு எங்கே வருகிறது?

என் அப்பத்தா சொல்லிச் சொல்லி அழுகிற ஆள் கிடையாது. ஒரு சொல் அதிகம் பேசாது. ஆனால் ஒரு துட்டி வீட்டுக்கு, அதாவது சாவு வீட்டுக்குப் போய் நாலு பெண்களோடு தோளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், இறந்தவருக்கு இரண்டு வரி, அப்புறம் தன் சொந்தக் கதைக்குப் போய்விடும். ‘பொன்னான சீரோட வருவியன்னு பொழுதெல்லாம் பாத்திருந்தேன், பூட்டுன வண்டி என் வாசத் தாண்டிப் போயிருச்சே’ என்று ஒருமுறை இழுத்தது. சுற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது தன் கூடப்பிறந்த அண்ணனைச் சொல்கிறது என்று தெரியும். அந்த அண்ணன் அதே முற்றத்தில், பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். நடந்து இருபது வருடமாகியிருந்த விஷயம். பேச்சில் கேட்டிருந்தால் இரண்டு குடும்பமும் வெட்டிக்கொண்டு போயிருக்கும். ஒப்பாரியில் கேட்டதால் யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை, ஆனால் எல்லோரும் கேட்டார்கள். வீட்டுக்கு வந்து அப்பத்தா முகம் கழுவிவிட்டு உலை வைத்தது.

ஆண்களுக்கு அம்பாப் பாட்டு இருந்தது. கரைவலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஏலேலோ போட்டுக் கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். படகும் வலையும் வைத்திருக்கிற சம்மாட்டியிடம் நேருக்கு நேர் கேட்க முடியாத பங்குக் கணக்கும், வீட்டில் சொல்ல முடியாத கஷ்டமும் அந்த ராகத்துக்குள் நுழைந்து வெளியே வந்துவிடும். இஞ்சினும் வின்ச்சும் வந்த பிறகு அம்பா பாடுகிற சந்தர்ப்பமே குறைந்துபோனது. பாட்டில் சொன்னால் அதைப் பேச்சுக் கணக்கில் சேர்க்க மாட்டோம் என்ற ஏற்பாடு மட்டும் நமக்குள் இன்னும் செத்துப்போகவில்லை. உங்கள் பையன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் முப்பது விநாடிப் பாட்டு வைக்கிறான் பாருங்கள், அதுவும் இந்த வகைதான். யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் பார்க்கலாம்.

கூட்டத்தில் உங்களிடம் சொன்னவர்கள் அமெரிக்காவில் 2021-இல் ஆரம்பித்த ‘சவுண்ட் இட் அவுட்’ பிரசாரத்தை மனதில் வைத்துச் சொல்லியிருக்கலாம். நடுநிலைப் பள்ளி வயதுப் பிள்ளைகளை வளர்க்கிறவர்கள், பேச முடியாததைப் பாட்டின் வழியாகப் பேச வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். நல்ல யோசனைதான். துட்டி வீட்டில் உட்கார்ந்து வளர்ந்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும், அவ்வளவுதான்.

ஆய்வு என்று கேட்டால், 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக, பிரிட்டனில் புதிதாகத் தொடங்கிய சில வகுப்புகளை ஏழு மாதம் கவனித்தார்கள். சிலவற்றில் சேர்ந்து பாடினார்கள், மற்றவற்றில் கைவினையும் எழுத்தும். கடைசியில் எல்லா வகுப்பிலும் நெருக்கம் ஒன்றுபோலத்தான் இருந்தது. ஆனால் பாடின வகுப்பில்தான் அந்நியர்கள் சீக்கிரம் ஒட்டிக்கொண்டார்கள். பாட்டு ஒன்றும் மந்திரம் இல்லை, முதல் தயக்கத்தை உடைக்கும். உங்களுக்கும் இப்போது தேவை அதுதான்.

எப்படி ஆரம்பிப்பது என்பதற்கு முன்னால், எப்படி ஆரம்பிக்கக் கூடாது என்று நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு பையனை அழைத்து வந்தார்கள், பதினாறு வயது. என்ன பாட்டு கேட்பாய் என்றேன். போனை நீட்டினான். ஒரு காதல் தோல்விப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் பெரிய தோழி மாதிரி சிரித்துக்கொண்டே, ‘யாருப்பா அந்தப் பொண்ணு?’ என்றேன். ஹெட்போன் வயரை விரலில் ஒரு சுற்றுச் சுற்றினான். ‘சும்மா கேக்குறேன் மிஸ்.’ அதோடு சரி, அப்புறம் என்னிடம் வரவே இல்லை. ஆறு மாதம் கழித்து அவன் அம்மாவைச் சந்தையில் பார்த்தபோதுதான் தெரிந்தது. அது இறந்துபோன அண்ணனுடைய போன். அதில் இருந்ததே மொத்தம் பதினொரு பாட்டு. அண்ணன் கேட்ட வரிசையிலேயே அவன் தினமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

பாட்டின் சொற்களை வைத்து மனசைக் கண்டுபிடிக்கப் போவது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அன்றைக்குப் புரிந்தது. அதனால் பையனைப் பற்றிக் கேட்காதீர்கள், பாட்டைப் பற்றிக் கேளுங்கள். ‘இதுல உனக்கு எந்த இடம் பிடிக்கும்?’ ‘இத மொதல்ல எங்க கேட்ட?’ ‘பாடுறவன் யார்கிட்டடா சொல்றான், இவ்வளவு கோவமா?’ இந்த மாதிரிக் கேள்விகளுக்கு அவன் தன்னைக் காட்டிக்கொடுக்காமலே பதில் சொல்லலாம். ‘பாடுறவனுக்கு அவுங்க அப்பா மேல கோவம், சித்தி’ என்று ஒரு நாள் சொல்வான். உடனே ‘உனக்கும் அப்படியா?’ என்று பாய்ந்துவிடாதீர்கள். ‘ஓகோ, ஏனாம்?’ என்று மட்டும் கேளுங்கள். பாடுகிறவன் தலையிலேயே போட்டு அவன் கொஞ்ச தூரம் போகட்டும். இது தந்திரம் மாதிரித் தெரியலாம், ஆனால் அவனுக்கும் இது தெரியும். தெரிந்துதான் விளையாடுகிறான். நீங்கள் நடுவில் ஆட்டத்தைக் கலைத்தால் எழுந்து போய்விடுவான்.

தப்பித் தவறியும் கேட்கக் கூடாதது: ‘ஏன் எப்பப் பாத்தாலும் சோகப் பாட்டாவே கேக்குற?’ அது கேள்வியே இல்லை, குற்றச்சாட்டு. அதே மாதிரி அவன் ஸ்டேட்டஸை அக்காவிடமும் பெரியம்மாவிடமும் காட்டி ‘இவன் என்ன வச்சிருக்கான் பாருங்க’ என்று விசாரணை வைத்தீர்கள் என்றால், அடுத்த நாளிலிருந்து உங்கள் நம்பருக்கு மட்டும் அந்த ஸ்டேட்டஸ் தெரியாது. இதில் பிள்ளைகள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள்.

இதைவிட முக்கியமானது, முதல் பாட்டு உங்களுடையதாக இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு இதுதான் கஷ்டம். பிள்ளை திறந்து காட்ட வேண்டும், நாம் மட்டும் அடுப்படியில் நின்று கேட்க வேண்டும் என்று நினைக்கிறோம். மண்டபம் பக்கம் ஒரு வீட்டில் பதினான்கு வயதுப் பேத்தி எதற்கும் பேசாமல் இருந்தாள். அவளிடம் ஒன்றும் கேட்காமல், வீட்டில் இருந்த அம்மாச்சியிடம் ‘உங்க காலத்துல பாட்டு எப்படிக் கேட்டீங்க?’ என்றேன். அந்த அம்மா சொன்னது இலங்கை வானொலி. நம் கரைக்கு மதுரையைவிடக் கொழும்பு தெளிவாக எடுத்த காலம். காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ வரும்போது வாசல் தெளிப்பார்களாம். கல்யாணமாகி வந்த வீட்டில் ரேடியோ கிடையாது. அதனால் பக்கத்து வீட்டுச் சுவரோரம் துணி காயப்போடுகிற சாக்கில் போய் நின்று கேட்டிருக்கிறார். ‘ஏன் ஆச்சி, அழுகையா வருமா?’ என்று பேத்திதான் கேட்டாள். நான் இல்லை. அந்த வீட்டில் அவள் வாயிலிருந்து பல நாள் கழித்து வந்த முதல் கேள்வி அது. ஆச்சி ‘வராம?’ என்றது. அப்புறம் இருவரும் பேசிக்கொண்டார்கள், நான் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

நீங்களும் அப்படி ஏதாவது ஒன்றை எடுங்கள். எந்தப் பாட்டு என்பது முக்கியமில்லை, அதோடு ஒட்டின கதை முக்கியம். ‘எனக்குப் பத்தாவதுல கணக்கு போயிருச்சு, அன்னைக்கு ராத்திரி இந்தப் பாட்டு டீக்கடைல ஓடிச்சு’ என்ற அளவுக்கு ஒரு சின்ன தோல்வி போதும். பெரிய துக்கத்தைக் கொட்டி அவன் தலையில் வைத்துவிட வேண்டாம். உங்களைத் தேற்றுகிற வேலை அவனுக்கு வந்துவிடும்.

அடுத்து மச்சான். உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி இரண்டே வரிதான் இருக்கிறது, ஆனால் முடிச்சு அங்கேதான் என்று எனக்குப் படுகிறது. நம் கரையில் இது மாதிரி எத்தனையோ வீடு பார்த்தாயிற்று. திரும்பி வந்தவர் படகு போனதையும் கடனையும் பேசுவார். உள்ளே என்ன நடந்தது, எப்படிப் பயந்தார் என்பதைப் பேசமாட்டார். பையன் தெருவில் நாலு பேர் சொல்வதையும் போனில் வருகிற செய்தியையும் வைத்து மீதியைத் தானே கற்பனை செய்துகொள்வான். கற்பனை எப்போதும் நடந்ததைவிட மோசமாகத்தான் இருக்கும்.

வருடா வருடம் மீன்பிடித் தடைக்காலம் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, மச்சான் கரையில் இருப்பார். பள்ளிக்கூட லீவும் இதில்தான் வருகிறது. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஆனால் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து ‘பேசுங்க’ என்று சொல்லிவிடாதீர்கள். பையன்கள் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார்கள், பக்கத்தில் இருந்தால் பேசுவார்கள். கைக்கு வேலை இருக்க வேண்டும்.

தங்கச்சிமடம் பக்கத்தில் ஒரு தடைக்காலத்தில் நான் கண்ணால் பார்த்தது. கொட்டகைக்குக் கீழே அப்பாவும் மகனும் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். நான் கொஞ்சம் தள்ளி, கருவாடு தரம் பிரிக்கிற பெண்களோடு. அப்பா வலையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு ஊசியை ஓட்டுகிறார். மகன் போனைப் பாட்டுப் போட்டு, சத்தம் பத்தவில்லை என்று எவர்சில்வர் சொம்புக்குள் இறக்கிவைத்திருந்தான். ஏதோ ராப். ‘என்னடா இது, இஞ்சின்ல தண்ணி பூந்த மாதிரி’ என்றார் அப்பா. பையன் சிரித்தான், நிறுத்தவில்லை. மூன்று பாட்டுப் போனது. அப்புறம் அப்பாவே, ‘அந்த ரெண்டாவது ஒன்னு ஓடுச்சே, அத இன்னொரு தடவ போடு’ என்றார். எதற்கு என்று அவனும் கேட்கவில்லை. அந்தப் பாட்டு பாதி ஓடும்போது, தலையை நிமிர்த்தாமலே, ‘கடல்ல பயமா இருக்காதாப்பா?’ என்றான். அப்பா பதில் சொல்லவில்லை. ஊசி போய் வந்துகொண்டே இருந்தது. பத்துக் கண்ணியாவது பொத்தியிருப்பார். அப்புறம், ‘இருக்கும்’ என்றார். அவ்வளவுதான் பேச்சு. சாயங்காலம் வரை பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

பெரிய உரையாடல் ஒன்றும் நடக்கவில்லையே என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கு அந்த ஒரு சொல்லே நிறைய. பயப்படலாம், பயந்தாலும் வலை பொத்தலாம் என்று அந்தப் பையனுக்கு அன்று தெரிந்துவிட்டது.

எல்லா வீட்டிலும் இதை அப்படியே செய்ய முடியாது. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் சில வீடுகளில் இசையை மார்க்கத்துக்கு ஆகாததாக நினைப்பார்கள். அங்கே போய் நான் பாட்டைப் புகுத்த மாட்டேன். கருவி இல்லாமல் குரல் மட்டும், பைத்து, முனாஜாத்து மாதிரி பக்திப் பாடல்கள் என்று அவர்களுக்குச் சம்மதமானது இருக்கும். நாகூர் ஹனிஃபாவே நம் ராமநாதபுரத்தில் பிறந்தவர்தான், பல வீட்டில் வாப்பாவின் இளமைக் காலம் அவர் குரலோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதுவும் வேண்டாம் என்றால் கடல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நடந்தாலும் இதே வேலை நடக்கும். சில கத்தோலிக்க வீடுகளிலும் ‘சாமி பாட்டு மட்டும்’ என்ற ஒழுங்கு உண்டு. அதற்குள்ளேயே இடம் கிடைக்கும்.

வாப்பா வளைகுடாவில் இருக்கிற ஒரு வீட்டுப் பெண்பிள்ளை, எந்நேரமும் கொரியப் பாட்டு. உம்மாவுக்கு அதில்தான் எரிச்சல். ‘புரியாத பாஷைல என்ன இருக்கு?’ அந்தப் பிள்ளை என்னிடம் சொன்னது: ‘புரியாததாலதான் பிடிக்கும் மிஸ். புரிஞ்சா வீட்ல எல்லாரும் கேப்பாங்களே.’ தனக்கு மட்டும் ஓர் அறை இல்லாத வீட்டில் அவள் கட்டிக்கொண்ட அறை அது. (அவள் கேட்கிற பிடிஎஸ் என்ற கொரியப் பாட்டுக் குழு 2017-லேயே யுனிசெஃபோடு சேர்ந்து, தன்னைத் தானே நேசிப்பது பற்றி ஒரு பிரசாரம் நடத்தியது என்பது உம்மாவுக்குத் தெரியாது. தெரிந்ததும் எரிச்சல் கொஞ்சம் குறைந்தது.) இந்த மாதிரி அறைக்குள் கேட்காமல் நுழைவது சரியில்லை. வாசலில் உட்காரலாம்.

இனி, பாட்டே கெடுதலாகப் போகிற இடம். சோகப் பாட்டு கேட்டால் சோகம் கூடிவிடும் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. பலருக்கு அழுது முடித்து லேசாகும். சிலருக்கு மட்டும் அது அசைபோடுகிற பழக்கமாகிவிடும். ஒரே பாட்டு, ஒரே நினைப்பு, திரும்பத் திரும்ப. பின்லாந்து, ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் இதைப் பிரித்துப் பார்ப்பதற்கென்றே பதின்வயதினருக்கு ஒரு கேள்வித்தாள் தயாரித்திருக்கிறார்கள். வீட்டுக்கு அதன் சாரம் ஒரு கேள்விதான்: ‘கேட்டு முடிச்சதும் எப்படிடா இருக்கு, லேசாவா, இன்னும் பாரமாவா?’ பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடுவார்கள், ஏனென்றால் கேள்வி பாட்டைப் பற்றியது.

பாரமாகிறது என்றால் போனைப் பிடுங்க வேண்டாம், குத்துப்பாட்டுப் போட்டு உற்சாகப்படுத்தவும் வேண்டாம். அல்ட்ஷூலர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1940-களிலேயே எழுதிவைத்த முறை ஒன்றை இசை சிகிச்சையாளர்கள் இன்றும் பின்பற்றுகிறார்கள். ஆள் எந்த மனநிலையில் இருக்கிறாரோ அதற்கு ஒத்த பாட்டில் ஆரம்பித்து, மெல்ல மெல்ல நகர்த்துவது. வாடைக் காற்றில் படகைத் திருப்புகிற மாதிரிதான், ஒரே வெட்டில் திருப்பினால் கவிழும். ராத்திரி கேட்கிற வரிசையை அவனையே போட்டுவைக்கச் சொல்லுங்கள். மனசு கனமாக இருக்கும்போது கேட்கிற ஒன்று முதலில், தூங்கப் போகிற மாதிரி ஒன்று கடைசியில், நடுவில் நாலு. எந்தப் பாட்டு என்பது அவன் முடிவு.

இது எல்லாம் பேச்சைத் தொடங்கத்தான், வைத்தியத்துக்குப் பதிலாக இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால், கூட்டாளிகளை அடியோடு விட்டுவிட்டால், கையில் கீறல் தெரிந்தால், தனக்குப் பிடித்த பொருளையெல்லாம் தூக்கிக் கொடுத்தால், ‘நான் இல்லாட்டி உங்களுக்கெல்லாம் நிம்மதி’ என்ற மாதிரி ஒரு சொல் வந்தால், பாட்டை ஓரமாக வைத்துவிட்டு நேராகக் கேளுங்கள்: ‘செத்துரலாம்னு தோணுதாடா?’ கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், அப்படி வராது. கேட்டதே பெரிய ஆறுதல் என்று பிழைத்து வந்த பிள்ளைகள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆமாம் என்றால் அவனைத் தனியாக விடாதீர்கள். மாத்திரை, பூச்சிமருந்து, கயிறு எதுவும் கைக்கு எட்டாமல் எடுத்துவையுங்கள். 14416 அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண், எந்நேரமும் தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. குழந்தைகளுக்கு 1098, மருத்துவ ஆலோசனைக்கு 104. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போலீஸ், கேஸ் என்று பயந்து சிலர் மறைப்பார்கள். 2017 சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் பார்க்கச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. மச்சானுக்கும் அந்த 14416 எண் பொருந்தும். ராத்திரியில் திடுக்கென்று எழுவது, குடி கூடுவது, சின்னச் சத்தத்துக்கும் அதிர்வது இருக்கிறதா என்று அக்காவிடம் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, அவன் பாட்டுக் கேட்கும்போது குறுக்கே போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். கழற்றுடா என்று சொல்லிக்கொண்டு போகாதீர்கள். ஒரு தட்டில் மாங்காயை அரிந்து உப்பும் மிளகாய்ப்பொடியும் போட்டு, அவன் பக்கத்தில் வைத்து நீங்களும் உட்காருங்கள். போனை நோண்டாமல், ஒன்றும் கேட்காமல். முதல் நாள் எழுந்து போனாலும் போவான். நாலாவது நாளோ பத்தாவது நாளோ ஹெட்போனில் ஒரு பக்கத்தைக் கழற்றி உங்களிடம் நீட்டுவான். வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். பாட்டு பிடிக்காவிட்டால் பிடித்திருக்கிறது என்று பொய் சொல்ல வேண்டாம், கண்டுபிடித்துவிடுவான்.

மச்சானிடமும் ஒரு நாள் ஒன்று கேட்டுப் பாருங்கள். சிறையில் என்ன செய்தார்கள், அடித்தார்களா என்று வேண்டாம். ராத்திரியில் அங்கே யாராவது பாடினார்களா என்று மட்டும் கேளுங்கள். திரும்பி வந்தவர்களிடம் நான் கேட்டவரை, மற்றதற்கெல்லாம் வாயை மூடிக்கொண்டவர்கள்கூட இதற்கு மட்டும் பதில் சொல்லியிருக்கிறார்கள். பையன் காதில் விழுகிற தூரத்தில் இருக்கும்போது கேளுங்கள்.